பாக் மானுக்குச் சேராத மெர்போக்

எங்கள் அப்பாவின் கருமாதிக்கு வந்து இந்த நினைவு மலரைப் பெறும் உற்றார் உறவினர்க்கும் நண்பர்களுக்கும் மகள் எழுதுவது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் சென்று படித்த முதல் பெண் நான். படிக்க அனுப்பியவர்கள் அப்பா. ஆகவே இதை எழுதும் பொறுப்பை அம்மா எனக்கே தந்தார்கள்.

அப்பா தஞ்சைச் சீமையில் பிறந்து, கைக்குழந்தையாகக் கப்பலேறி இந்த மலாய் நாட்டுக்கு வந்தவர்கள். தாத்தா ரயில் பாதை போடும் கூலியாக இருந்தார். அப்பா ஒரு ஸ்டேசன் மாஸ்டர் வீட்டில் எடுபிடி வேலை செய்துகொண்டே அவர் பிள்ளைகளோடு ஆங்கிலம் கற்றார்கள். பிறகு பள்ளியில் சேர்ந்து தேறி, கிள்ளானில் ஓர் ஆங்கிலப் பாடசாலையில் ஆசிரியரானார்கள். பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்து, ஓய்வு பெறும் வரை காலை ரயிலில் கிள்ளானுக்குத்தான் போய் வந்தார்கள். பிரம்பைத் தொட்டதில்லை. முழங்கால் இடம் கொடுத்தவரை மாணவர்களோடு ஹாக்கி ஆடினார்கள். அதன்பின் இருந்த ஒரே பொழுதுபோக்கு மெர்போக் வளர்ப்பதுதான்.

மெர்போக் என்பது கைக்குள் அடங்கும் சாம்பல் நிறப் புறா. மலாய்க்காரர்கள் அதன் குரலுக்காக வளர்ப்பார்கள். விடிந்ததும் கூண்டை உயரமான மூங்கிலில் கயிறு கட்டி ஏற்றிவிட்டால் வெயில் பட்டுக் கூவும். அப்பா அதன் அடியில் அமர்ந்து கட்டுரை திருத்துவார்கள்.

“ஊரு ஆம்பளைங்க சீட்டாடுறாங்க. இவரு புறாகிட்ட இங்கிலீசு பேசுறாரு” என்பார்கள் அம்மா.

“அது எதுத்துப் பேசாது. அதான் வசதி” என்பார்கள் அப்பா.

அந்தப் பறவை எங்களுடையதன்று. கிள்ளானில் ரயில்வே கேட் காத்துவந்த மலாய்க்காரர் பாக் மான், தம் சிறந்த பறவையின் குஞ்சை அப்பாவிடம் வளர்க்கக் கொடுத்திருந்தார். ரயில் இரைச்சலில் அது கூவாதாம். பென்சன் பெற்றுக் கம்பத்துக்கு, அதாவது தம் சொந்தக் கிராமத்துக்கு, போகும்போது வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. இதற்கிடையில் அவருடைய தாய்ப்பறவையும் இறந்துவிட்டது.

அப்பா மார்வலி கண்டு படுக்கையில் கிடந்தபோது என்னை அழைத்தார்கள்.

“அம்மாடி, பாக் மான் பென்சன் வாங்கிட்டாரு. என்னால எடுத்துட்டுப் போவ முடியாது போலிருக்கு. ஆள் அனுப்பி வரச்சொல்லிக் குடுத்துடு. அடுத்தவங்க பொருள் நம்ம வீட்டுல தங்கக்கூடாது.”

அன்றே கிள்ளானுக்கு ஆளனுப்பினேன். பாக் மான் வருவதற்குள் அப்பா கண்மூடிவிட்டார்கள்.

பெண்கள் எல்லோரும் உள்ளே உடலைச் சுற்றி அழுதுகொண்டிருந்த வேளையில், ரவாங்கிலிருந்து வந்திருந்த அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, மூங்கிலிலிருந்து கூண்டை இறக்கிக் கதவைத் திறந்துவிட்டார்.

“மச்சான் உசுரே கூட்ட விட்டுப் போயிருச்சுக்கா. இந்த உசுர மட்டும் ஏன் அடைச்சு வெக்கணும்? அவருக்குப் புண்ணியமாப் போவட்டும்” என்று அம்மாவிடம் வந்து சொன்னார். விவரம் அவருக்குத் தெரியாது.

மறுநாள் பாக் மான் தம் மனைவி தைத்த புதுத் துணி போர்த்திய வெறுங்கூண்டோடு வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் மூங்கிலை அண்ணாந்து பார்த்தார்.

“அழாதே மகளே. அது கூண்டிலே பொறந்தது, எரை தேடத் தெரியாது. பசிச்சா வரும் லா” என்று தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

தம் கூண்டையே கதவு திறந்தபடி, தினை வைத்து ஏற்றினார். இன்றும் ரயிலேறி வந்து சீட்டியடித்து அழைக்கிறார். பறவை வரவில்லை.

அப்பாவின் படுக்கையருகே விழித்திருந்த அண்டை வீட்டார்க்கும், மருந்து கொடுத்த டிரெஸ்ஸருக்கும், கிள்ளானிலிருந்து வந்து தோள் கொடுத்த பழைய மாணவர்களுக்கும் எங்கள் நன்றி. பாடை கட்டியது முதல் இன்றைய காரியம் வரை ஓடியாடிச் செய்தவர் மாமாதான். பறவை பாக் மானுடையது என்று தெரிந்த நாள் முதல் அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. அவரை யாரும் ஒரு சொல்லும் சொல்ல வேண்டாமென்று அம்மா கேட்டுக்கொள்கிறார்கள்.

எனக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் கொல்லையில் சாம்பல் நிறச் சிறு புறா ஒன்று வந்து உட்கார்ந்து, ஆளைக் கண்டு பறக்காமல் இருந்தால், தயவுசெய்து விரட்டாதீர்கள். கொஞ்சம் தினை வைத்துவிட்டு எங்களுக்குச் சொல்லியனுப்புங்கள். அது பாக் மானுடையது.