ஆல்ட்டோ வரிசையில் அம்மா

கடலூரில் எங்கள் பங்குக் கோவிலில் நேற்று மாலை பாடகர் குழுவின் கச்சேரி. முந்நூறு வருடத்துப் பழைய லத்தீன் பாட்டுகள், தனிக்குரலுக்குக் கோவாவிலிருந்து விருந்தினர் இருவர். 'ஆண்டவரே, இரங்கும்' என்று வேண்டும் "கீரியே" பாட்டைக் குழு தொடங்கியதுமே எனக்கு எங்கள் பழைய சமையலறையின் மண்ணெண்ணெய் வாசனை வந்துவிட்டது.

அப்போது எனக்கு எட்டு வயது. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியிருந்த அம்மா, குழுவில் சேர வேண்டும் என்று போய்க் கேட்டாள்.

"மியூசிக் நோட்ஸ் படிக்கத் தெரியாதவுங்க வேணாம்மா" என்றார் பாட்டு மாஸ்டர்.

"சரிங்க சார், ஒக்காந்து கேக்கவாவது உடுங்க."

ஒரு மாதம் என்னோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒத்திகை கேட்டாள். வீட்டில் ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்துக்கொண்டே, பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோவை முழுசாகப் பாடிப் பார்ப்பாள்.

ஒருநாள் ஆல்ட்டோ பெண்கள் பாதியில் தடுமாறி நின்றுவிட்டார்கள். கடைசி பெஞ்சிலிருந்து அம்மா அந்த இடத்தைப் பிடித்துப் பாடினாள். தாளம் காட்டிக்கொண்டிருந்த கையை மாஸ்டர் இறக்கவே இல்லை. பாட்டு முடிந்ததும், "முன்னாடி வந்து நில்லும்மா" என்றார்.

நேற்று கோவாப் பாடகியின் குரலோடு ஆல்ட்டோவும் சேர்ந்து எழுந்தபோது, பக்கத்திலிருந்தவர் என் பக்கம் சாய்ந்தார். "கையில பேப்பரே இல்லாம பாடுறாங்களே, யாருங்க அந்தம்மா?"

"எங்கம்மா" என்றேன். முன்வரிசை திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகவே சொன்னேன்.