ஆற்றில் நின்ற குதிரை

"பயப்படாதக்கா, நான் இங்கதான கீறேன்" என்று சொல்லித்தான் மாமல்லபுரம் கடற்கரையில் தம்பி என்னைக் குதிரைமேல் ஏற்றிவிட்டான். குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்து ஈரமணலில் நடத்திக் கூட்டிப்போனார். அலை காலில் பட்டதும் குதிரை நின்றுவிட்டது. வியர்வையும் கொள்ளும் கலந்த வாடை என் முகத்தில் அடித்தது.

சின்ன வயதில் ஒரு வண்டிக் குதிரையிடம் அடித்த அதே வாடைதான். அப்போது எனக்கு எட்டு வயது. பிரசவ வலியில் துடித்த அம்மாவை ஜட்கா வண்டியில் ஏற்றிக்கொண்டு, காவாந்தண்டலத்துக்குப் பக்கத்தில் செய்யாற்றைக் கடந்துகொண்டிருந்தோம். புதுத்தண்ணீர், முழங்கால் அளவுதான். நடு ஆற்றில் குதிரை நின்றுவிட்டது. வண்டிக்காரர் சாட்டையால் விளாசியும் நகரவில்லை. அம்மா "முருகா, முருகா" என்று என் கையை நெரித்தாள். திடீரென்று கத்தினாள்:

"அத்த அடிக்காதப்பா! முன்னால இன்னா கீதுன்னு எறங்கிப் பாரு!"

அவர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி, குதிரைக்கு முன்னால் இரண்டடி வைத்தார். கழுத்துவரை உள்ளே போய்விட்டார். கோடையில் ஊற்றுக்காகத் தோண்டிய பள்ளம், தண்ணீரில் மறைந்திருந்தது. தட்டுத்தடுமாறி எழுந்து வந்தவர், குதிரையின் முகத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு கரையேறினோம். பொழுது சாய்வதற்குள் தம்பி பிறந்தான்.

இங்கே குதிரைக்காரர் குச்சியை ஓங்கினார். "மொரண்டு புடிக்குதும்மா."

"அடிக்காதப்பா! முன்னால இன்னா கீதுன்னு பாரு!"

அவர் திரும்பிப் பார்த்தார். "கடல்தாம்மா கீது!"

கரையில் நின்ற தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். ஆனாலும் ஓங்கிய குச்சி இறங்கிவிட்டது. நான் குனிந்து, குதிரையின் ஈரக் கழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.