பதுளையில் நிற்காத வண்டி

எங்கள் கிழட்டு பிக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடும். பதுளையில் இருக்கும் மெக்கானிக் முன்னால் மட்டும் சனியன் நிற்கவே நிற்காது. அவரும் ஃபில்டரை மாற்றினார், பம்பைக் கழற்றிப் பூட்டினார், கடைசியில் என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார். என் மனைவி கண்ணூறு என்றாள். வழக்கமான வெள்ளிக்கிழமைப் பூசை போதாதென்று, வண்டி நின்ற ஒவ்வொரு தடவையும் பூசை போட்டு, முன் விளக்கிலிருந்து டேங்க் மூடி வரை சந்தனம் பூசினாள்.

அன்று பண்டாரவளைக்கு எங்கள் தோட்டத்தில் வெட்டிய முட்டைக்கோவா மூட்டைகளோடு போனோம். ஏற்றத்து வளைவில் இன்ஜின் அணைந்தது. இன்ஜின் ஓடாததால் பிரேக் பெடல் கல்லாக இறுகியது, மிதித்தும் சரியாகப் பிடிக்கவில்லை. ஹேண்ட் பிரேக் பெயருக்குத்தான். வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்தது. பின்னால் பள்ளம். எழுந்து நின்று மிதித்தேன். மனைவி குதித்து ஓடி டயருக்குக் கல் கொடுத்தாள்.

"வச்சுட்டேங்க! காலை மட்டும் எடுத்துராதீங்க!"

கல் தாங்கியது. இறங்கி, டீசல் தீர்ந்துவிட்டதா என்று பார்க்க மூடியைத் திருகினேன். டேங்க் உஸ்ஸென்று காற்றை இழுத்தது. சாவியைத் திருப்பினேன். வண்டி ஸ்டார்ட் ஆனது.

மூடியைப் பார்த்தேன். டீசல் குறையக் குறையக் காற்று உள்ளே போக வேண்டிய சின்னத் துளையில் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. காற்று போகாவிட்டால் டீசல் இன்ஜினுக்கு வராது. பதுளைக்குப் போனால் முதலில் மூடியைத் திறந்து டீசல் அடித்துவிட்டுத்தான் மெக்கானிக்கிடம் போவேன். அங்கே எப்படி நிற்கும்?

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். கல்லில் நசுங்கிய விரலைப் பிடித்தபடி அவள் முந்திக்கொண்டாள்.

"சாமிதாங்க காப்பாத்துச்சு. வீட்டுக்குப் போனதும் வண்டிக்கு ஒரு பூசை போட்டுரணும்."