கோட்டு குடித்த மழை

போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் அம்மாவுக்கு ஓர் இடம் உண்டு. போன மழைக்காலத்தில் அது போய்விடும் போலிருந்தது. தோள்வலியால் சரிவில் பின்தங்கிக்கொண்டே இருந்தவளிடம் கங்காணி சொல்லிவிட்டார்: "இந்த வாரம் பாப்பேன் ஆத்தா. ஏற முடியலைன்னா வீட்ல இருந்துக்க. வேற ஆளு காத்துக்கெடக்கு." சீசன் நடுவில் ஒரு ஜீப்பில் இடம் போனால் இன்னொன்றில் சேர்ப்பது கஷ்டம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, கொடியில் கிடந்த அம்மாவின் பழைய ரெக்சின் மழைக்கோட்டை எடுத்தேன். கனத்தில் கை இறங்கியது. மெல்லிய பிளாஸ்டிக் கோட்டு ஏலச்செடிக்குள் இரண்டு நாள் தாங்காது என்பதால் இதைத்தான் வருசக்கணக்காகப் போடுகிறாள். உள்ளே தடித்த துணி. தையல் விட்ட தோள் வழியே இறங்கிய மழையை அது குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ராத்திரியில் காயவும் இல்லை.

பிளேடால் தையலைப் பிரித்து அந்தத் துணியை உருவிப் பிழிந்தேன். வாளியில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. வாளியைத் தூக்கிப் பார்த்தேன். இத்தனை மழையைத் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பில் காய்ப்பையோடு, அந்தச் செங்குத்தில் தினமும் ஏறியிருக்கிறாள். வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"என்னடா, கோட்டக் கொன்னுட்டியா?" என்றாள் அம்மா.

"இனிமேதான் உயிரே வரப்போகுது."

சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போடுவாள் என்பதால் கோட்டின் தொப்பியை வெட்டினேன். பைகளை வெட்டினேன். கைகளை முழங்கையோடு நிறுத்தினேன். பின்பக்க நீளத்தை மட்டும் தொடவில்லை. காய் எடுப்பவர்கள் ஈரமண்ணில் உட்கார்ந்து நகர வேண்டும். தோள் தையல்மேல் பழைய டியூப்பை வெட்டி பஞ்சர் சொல்யூசனால் ஒட்டினேன்.

மறுநாள் சாக்குத் தூக்க ஆள் வேண்டுமென்று கங்காணி என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்.

"என்ன மதினி, கோட்டுக்குக் கையக் காணோம்?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"காலேஜி டெய்லரு தச்சது. மீதிக் கைய வேல கெடச்சதும் தருவானாம்."

ஜீப்பே குலுங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒட்டு நிற்க வேண்டுமே என்றிருந்தது.

மேட்டைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஆளுயரச் செடிகளுக்கடியில் அம்மா உட்கார்ந்தாள். மண்ணோடு படர்ந்த சரங்களில் அவள் விரல்கள் பழுத்த காயை மட்டும் கிள்ளின. பிஞ்சு அசையக்கூட இல்லை. மூடுபனியில் ஆள் மறைந்து, கை மட்டும் தெரிந்தது. இருபது வருசம் இவள் கையில் சோறு தின்றிருக்கிறேன். அந்தக் கையை அன்றுதான் பார்த்தேன்.

சாயங்காலம் ஜீப்புக்கு ஏறும் கடைசிச் செங்குத்தில் நான் நின்று மூச்சு வாங்கினேன். அம்மா நிற்கவில்லை. மேலே கங்காணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கும் வெரசா வந்துரு ஆத்தா."

அம்மா கோட்டைக் கழற்றி உதறினாள். ஒரே உதறலில் தண்ணீர் போய்விட்டது.