டெலீட் ஆகாத சிலிண்டர் அக்கா

இன்னிக்கு மீட்டிங்ல எங்க மாலதி மேடம் பேசினதுக்கு நான் எழுந்து கைதட்டியிருக்கணும். மேனேஜர் எதிர்ல உட்கார்ந்திருந்ததால தட்டல. இங்க தட்டிக்கறேன்.

ஜனங்க பேசறது மிஷினுக்குப் புரியணும்னு, அவங்க பேச்சைக் கேட்டு எழுதிக் கொடுக்கறதுதான் எங்க வேலை. மேடம் யுனிவர்சிட்டியில மொழியியல் ஆராய்ச்சி பண்ணவங்க. கோலார் தங்கவயல்ல வீடு வீடா போய் தமிழ் கேட்டவங்க. "அவ்ளோ படிச்சிட்டு இந்த வேலைக்கா வந்தாங்க?"ன்னு நாங்களே பேசியிருக்கோம்.

இன்னிக்கு வந்த கேஸ் ஏஜென்சி கால் ரெக்கார்டிங்ல ஜீவனஹள்ளி அக்கா ஒருத்தங்க, "சிலிண்டர் இன்னும் வரல சார், ஸ்வல்ப சீக்கிரம் அனுப்புங்க"ன்னாங்க.

மேனேஜர் உடனே, "ஸ்வல்பன்னு கன்னடா மிக்ஸ் ஆகுது மேடம். ப்யூர் தமிழ் மட்டும் கீப் பண்ணுங்க, பாக்கி டெலீட். பேகா முடிச்சிடலாம்"னாரு.

மேடம் குரலை உயர்த்தவே இல்ல.

"தங்கவயல்ல நான் மைக்கை எடுத்தாலே எல்லாரும் டிவி நியூஸ் மாதிரி பேச ஆரம்பிச்சிடுவாங்க சார். வீட்டுப் பேச்சு வர்றதுக்கு ரெண்டு டீ ஆகுற வரைக்கும் காத்திருப்பேன். இங்க அது தானா வருது. இதைத் தூக்கிப் போட்டுட்டா, அந்த அக்கா கேக்கறது மிஷினுக்கு எப்படிப் புரியும்?"

அப்புறம் சிரிச்சிட்டே, "டெலீட் பண்ணியே ஆகணும்னா, இப்ப நீங்க சொன்ன கன்னட 'பேகா'வுல இருந்து ஆரம்பிக்கலாமா?"

மேனேஜர் எழுந்து ஃபேனைக் கூட்டி வெச்சாரு. "இர்லி மேடம், இருக்கட்டும், அப்படியே வெச்சுக்கங்க."

ப்யூர் தமிழ் மட்டும் கீப் பண்ணா இந்த போஸ்ட்ல என்ன மிஞ்சும்னு சொல்லுங்க மக்களே. கமெண்ட்டையும் ப்யூர் தமிழ்லயே போடுங்க, பார்ப்போம்.