முகப்புக்குப் போட்ட கூரை

ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையில் தோல் பார்க்கிற வேலை எனக்கு. மேஜையில் தோலை விரித்து, வெட்டு, உண்ணிக்கடி, சுருக்கம் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுவேன். முதுகுப் பக்கத்துத் தோல் ஷூவின் முகத்துக்குப் போகும். தொளதொளவென்று இருக்கிற வயிற்றுப் பக்கத்தை உள்ளே மறைகிற இடங்களுக்கு ஒதுக்கிவிடுவோம். கடையில் ஷூ வாங்குகிற யாரும் உள்ளே பிரித்துப் பார்ப்பதில்லை. இந்த ஞானத்தைத் தொழிற்சாலை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். நான் வீட்டுக்கும் எடுத்து வந்தேன்.

என் மனைவி வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாதத்தில் பாதி நாள் நைட் டூட்டி. காலையில் பஸ் பிடித்து வந்து பகலில்தான் தூங்குவாள். எங்கள் வீட்டு முன்பக்கம் பஸ் போகிற தெரு; ஹாரன் ஓயாது. அதனால் அவள் தூங்குவதற்கென்றே வீட்டின் பின்னால் ஓர் அறை கட்டினேன். கட்டினேன் என்று பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் கட்டியது சுவர் மட்டும். கூரைக்கு, தொழிற்சாலையில் பழைய குடோனைப் பிரித்தபோது கிடைத்த சிமென்ட் ஷீட்டுகளைக் கொண்டுவந்து மாட்டிவிட்டேன்.

இந்த வருடம் வெயில் தொடங்கும்போதே அவள் சொல்லிவிட்டாள்.

"ஏங்க, பின்னாடி ரூம்ல தூங்கவே முடியல. ரெண்டு மணி நேரம் தூங்கினா ஜாஸ்தி. ராத்திரி வார்டுல கண்ணு சொக்குது. ஊசி போடற கை இது. எதாவது தப்பாப் போச்சுன்னா யாரு பதில் சொல்றது? கூரைய மாத்திடுங்க."

சரி என்றேன். மாற்றவும் செய்தேன். எந்தக் கூரையை என்பதில்தான் கோளாறு.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு ஒரு பக்கம்தான். அந்த ஒரு பக்கத்துக்கு எலிவேஷன் என்று பெயர். அதற்கு மூன்று நிறத்தில் பெயிண்ட், டைல்ஸ், லைட் எல்லாம் உண்டு. மற்ற மூன்று பக்கமும் பூசாத செங்கல்லாக நிற்கும். அதைப் பார்த்துச் சகித்துக்கொள்வது பக்கத்து வீட்டுக்காரர்களின் பொறுப்பு. எதிர்வீட்டுப் பாய் தோல் வியாபாரி. அவர் போன வருடம் முகப்பு முழுக்கப் பளபளவென்று கல் ஒட்டி, மயில் வைத்த ஸ்டீல் கேட்டும் மாட்டினார். அன்றிலிருந்து என் வீடு ஷிப்டுக்கு லேட்டாக வந்தவன் மாதிரி தலையைத் தொங்கப்போட்டு நிற்பதாக எனக்குத் தோன்ற ஆரம்பித்தது.

வாணியம்பாடியிலிருந்து வெல்டரை வரவழைத்தேன். பின்னறையை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் முன்பக்கம் வந்து நின்றார்.

"அண்ணே, பின்னாடி போட்டா எவன் பாக்கப் போறான்? இங்க போர்ட்டிகோ மேல சரிவா இழுத்து சிவப்பு ஓடு போட்டா, சும்மா கேரளா வீடாட்டம் இருக்கும்."

அவர்மேல் பழியைப் போட எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் சொன்னது என் மனதில் இருந்ததைத்தான். நல்லது முகத்துக்கு, மட்டம் உள்ளுக்கு. என் தொழிலின் பாலபாடம் அது.

வேலை முடிந்தது. பாய் தெருவைக் கடந்து வந்து, "மாஷா அல்லா, இப்பதான் சார் தெருவுக்கே களை வந்திருக்கு" என்றார். நான் நான்கு கோணத்தில் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். டூட்டி முடிந்து வந்த மனைவி, கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் ஓடுகளையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்கு. பின்னாடி?"

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அவள் கைப்பையோடு பின்னறைக்குப் போய்விட்டாள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கத்திரி வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டுத் திரும்புகிறேன். நிழலில் விட்டுப் போன என் பைக் தெருவோரம் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. போர்ட்டிகோவில், சிவப்பு ஓடுகளுக்கு நேர் கீழே, பின்னறைக் கட்டில். அதில் என் மனைவி. காதில் பஞ்சு, கண்மேல் துண்டு. போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாம் என் எலிவேஷனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

பாய் கேட்டருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "மேடத்துக்கு இன்னா சார், உடம்பு சரியில்லயா?"

எனக்கு மானம் போயிற்று. கட்டிலருகே குனிந்து, "உள்ள போய்ப் படு, தெருவே பாக்குது" என்றேன்.

அவள் துண்டை எடுக்கவில்லை. "இந்த வீட்ல இங்கதான் கூரை இருக்கு. ஹாரன் பரவால்ல, சூடுதான் தாங்க முடியல. நீங்க போய் அங்க ஒரு மணி நேரம் படுத்துட்டு வாங்க. அப்புறம் நான் எழுந்துக்கிறேன்."

வீம்புக்குப் போனேன். தரையில் கோரைப்பாயை விரித்துப் படுத்தேன். மின்விசிறி அடுப்படிக் காற்றை அள்ளி முகத்தில் வீசியது. குடோனில் போல்ட் போட்ட பழைய துளைகள் வழியாக வெயில் காசு காசாக இறங்கியது. ஒன்று கண்மேல் விழ, தலையணையை நகர்த்தினேன். நகர்த்திய இடத்தில் இன்னொன்று காத்திருந்தது. பத்து நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் மேலே பார்த்தேன். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் வெள்ளை வட்டம். கட்டில்மேல் ஏறி நின்றால் எட்டுகிற கூரைதான். என் சட்டைப்பையில் இருந்த சாக்பீஸ்கள் ஏன் அடிக்கடி காணாமல் போயின என்று இப்போது தெரிந்தது. நான் தோலில் போடுகிற மாதிரியே, கோடு கோட்டைத் தொட்டு முடிகிற சுத்தமான வட்டங்கள். வாயால் சொன்னது ஏறவில்லை என்று என் பாஷையிலேயே எழுதி வைத்திருக்கிறாள். பகல் வெளிச்சத்தில் அந்த அறைக்குள் நான் ஒருநாளும் வந்து பார்த்ததில்லை.

எண்ணினேன். இருபத்து மூன்று. ஒரு தோலில் ஆறு வட்டம் விழுந்தாலே கழித்துவிடுகிறவன் நான். அழுகை வந்தது. வியர்வையோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாளே வெல்டரைக் கூப்பிட்டு, முன்பக்கத்து ஓடுகளைக் கழற்றிப் பின்னறைமேல் போடச் சொன்னேன்.

"அண்ணே, முன்னாடி வெறும் கம்பியா நிக்குமே, பாக்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

இறக்கிய பழைய ஷீட்டுகளை வண்டி வரும்வரை முன்சுவரில் சாய்த்து வைத்திருந்தோம், வட்டங்கள் தெருவைப் பார்த்தபடி. அடுத்த நாள் மத்தியானம் மூன்று மணிக்குப் பாய் வந்து நின்று பார்த்தார்.

"இன்னா சார் இது, வட்ட வட்டமா?"

"செக்கிங் பண்ணது, பாய்."

"யாரு, உங்க கம்பெனி ஆளா?"

"கொஞ்சம் மெதுவா பேசுங்க பாய். பின்னாடி தூங்கறாங்க."