லாரியின் பேட்டரியைக் குடித்தது யார்

வெர்னா ஸௌபெக் இருபத்திரண்டு வருஷம் ராணுவப் பணிமனையில் லாரிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்தவள். ஓய்வு பெற்றபின் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் சொந்த ஊருக்கு வந்து பள்ளிப் பேருந்து ஓட்டினாள். அளந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டாள். கணவன் காய்ச்சல் என்று படுத்தாலும் தெர்மாமீட்டர் ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுப்பில் சூப் ஏறும்.

ஊரின் தன்னார்வத் தீயணைப்புக் குழுவிடம் ராணுவம் கழித்துவிட்ட ஐந்து டன் லாரி ஒன்று இருந்தது. புல்வெளி பற்றிக்கொண்டால் தண்ணீரோடு ஓடுவது அதுதான். அந்த வசந்தத்தில் இரண்டு நாள் நின்றால் கிளம்பாது. கிளம்பினால் பன்றிக்குட்டியை வாலைப் பிடித்துத் தூக்கியதுபோல் கீச்சிடும். குழுத் தலைவர் மைலோ ஹ்ருஷ்கா, வெர்னாவோடு ஒன்றாய்ப் படித்தவர், கடைசியில் அவளைக் கூப்பிட்டார்.

"பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தற ஆல்டர்னேட்டரை ரெண்டு தடவை மாத்தியாச்சு வெர்னா. மூணாவதும் வாங்கிடவா?"

"அதைச் சுத்தற பெல்ட்டைப் பாத்தியா?"

"ஒண்ணு அறுந்துச்சு, புதுசு போட்டேன். பக்கத்துல இருக்கறது நல்லாத்தானே இருக்கு? எதுக்கு வீண் செலவு?"

"ரெண்டும் ஜோடிய்யா. பழசு நீண்டு தொளதொளன்னு கெடக்கு, புதுசு ஒண்ணே எல்லாத்தையும் இழுக்குது. நீயும் உன் பொண்டாட்டியும் சோபா தூக்கற மாதிரி."

"அதுல நான் எது?"

"கத்துறது எதுவோ அது."

ஜோடியாகப் புது பெல்ட்டுகளை மாட்டி, கட்டைவிரலால் அமுக்கி, அரை அங்குலம் இறங்குகிறதா என்று பார்த்தாள். கீச்சல் நின்றது. மீட்டர் இருபத்தெட்டு வோல்ட் காட்டியது; சார்ஜ் சரியாக ஏறுகிறது என்று அர்த்தம். மூன்றாம் நாள் லாரி மறுபடி செத்துக் கிடந்தது.

இந்த முறை லாரியின் இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியே அளந்தாள். ஒன்றில் சார்ஜ் நிறைந்திருந்தது. மற்றது வறண்டு போயிருந்தது.

"எதுவோ இதை மட்டும் குடிக்குது," என்றாள்.

"பேட்டரிதான் பழசாயிருக்கும். விடு, ரெண்டும் புதுசா வாங்கிடறேன்."

ஒரு பெல்ட்டுக்குக் கணக்குப் பார்த்த மனுஷனுக்கு இவ்வளவு தாராளம் எங்கிருந்து வந்தது என்று வெர்னா யோசித்தாள். அந்தப் பேட்டரியிலிருந்து ஒரு மெல்லிய சிவப்பு வயர் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் போனது. அங்கே கம்பளிக்கு அடியில், சாப்பாடு சூடாக்கும் பெட்டி. திறந்தாள். கசகசாப் பூரணம் வைத்த நான்கு கொலாச்சே பன்கள் இன்னும் வெதுவெதுப்பு ஆறாமல் இருந்தன.

மைலோ கூரையைப் பார்த்தார். "டாக்டர் இனிப்பே கூடாதுன்னுட்டாரு. வீட்ல டார்லீன் அலமாரியையே பூட்டிட்டா."

"திங்கறது சரி. சூடா வேணுமோ?"

"ஆறினதைத் தின்னு பாவத்தை வேற சேத்துக்கணுமா? ரிப்போர்ட்ல வயர் கோளாறுன்னு எழுதிடு, ப்ளீஸ்."

வெர்னா வாழ்நாளில் பொய்யாக ஒரு வரி எழுதியதில்லை. உட்கார்ந்து எழுதினாள்: 'சூடாக்கும் பெட்டி ஒன்று, ஒற்றைப் பேட்டரியில் இணைக்கப்பட்டிருந்தது. உள்ளே கொலாச்சே நான்கு. பெட்டி அகற்றப்பட்டது.'

குழுவின் திங்கட்கிழமைக் கூட்டத்தில் செயலாளர் அதை வாசித்தார். செயலாளர், மைலோவின் மனைவி டார்லீன்தான். குரல் மாறாமல் கடைசி வரி வரை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாலுதானா வெர்னா?"

"நான் பாக்கும்போது நாலு," என்றாள் வெர்னா. "பெட்டித் தட்டுல ஆறு வைக்க இடமிருந்துச்சு."

அதற்குப் பிறகு லாரி ஒருநாளும் மக்கர் பண்ணவில்லை. மைலோ மூன்று வாரம் வெர்னாவோடு பேசவில்லை. நான்காவது வாரம், தன் டிராக்டர் புகை கக்குகிறது என்று தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.